இரவில் வரும் யோசனை: என் விசுவாசம் குறைந்துவிட்டதா?

அரியாலைப் பிள்ளை | செப்டெம்பர் 18, இரவு 2.40

எல்லாருக்கும் வணக்கம். எழுதலாமா விடலாமா என்று மூன்று நாளாக இழுபட்டேன். இன்றைக்கும் நித்திரை இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

எனக்கு 36 வயது. இரண்டு பிள்ளைகள். கணவர் கட்டாரில். போன வருடம் ஐப்பசியில் அப்பா போய்விட்டார். பாரிசவாதம். அன்று பின்னேரம் ஆறு மணியிருக்கும், "கை விறைத்த மாதிரி இருக்கு பிள்ளை" என்றார். நான் சின்னவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்தேன். "தோட்டத்தில் மண்வெட்டி பிடித்த அலுப்பாக்கும், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வெள்ளனப் படுங்கோ அப்பா" என்று கோப்பையை நீட்டினேன். அவர் இடது கையால் வாங்கினார். வலது கைக்காரர் இடது கையால் வாங்கியதை நான் கண்டேன். கண்டும் திரும்பிக் கணக்குக் கொப்பியைத்தான் பார்த்தேன். விடிய எழுப்பப் போனபோது வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஆசுப்பத்திரியில் நாலு நாள். அவ்வளவுதான்.

பகலில் வேலை, சமையல், ரியூசன் என்று ஓடிவிடும். இரவு இரண்டு மணிக்கு யாரோ தட்டி எழுப்பிய மாதிரி முழிப்பு வரும். அந்த இடது கை தெரியும். பிறகு "நீதான் கொன்றாய்" என்று தொடங்கும். காதில் கேட்கும் குரல் இல்லை, என் யோசனைதான். ஆனால் நான் யாரோடும் அப்படிக் கடுமையாகக் கதைத்தது கிடையாது. கோயில் மணி அடிக்கும் வரைக்கும் அதேதான்.

மச்சாள் ஒரு செபக்கூட்டத்துக்குக் கூட்டிப்போனாள். நடத்தியவர் எல்லாருக்கும் முன்னால் என் தலையில் கை வைத்து, விசுவாசம் உள்ள இடத்தில் இப்படியான எண்ணம் தங்காது, உனக்குள் ஏதோ மறைத்த பாவம் இருக்கிறது என்றார். அன்றிலிருந்து என்மேல் இரண்டு குற்றம். அப்பாவைக் கொன்றது ஒன்று, விசுவாசம் இல்லாதது மற்றது.

நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர். ஐந்து வயதில் இருந்து செபமாலை சொல்கிறேன். இப்போது மூன்றாவது மணியிலேயே யோசனை வேறு பக்கம் போய்விடுகிறது.

வசனம் மட்டும் அனுப்பாமல், நீங்கள் இப்படி ஒன்றில் அகப்பட்டபோது உண்மையாக என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கோ.

கிருபை | செப்டெம்பர் 18, காலை 6.15

யோசிக்காதைங்கோ அக்கா. பிலிப்பியர் 4:6, 7 வாசியுங்கோ. உங்களுக்காகச் செபிக்கிறேன்.

உடுவில் ரீச்சர் | செப்டெம்பர் 18, முற்பகல் 10.05

பிள்ளை, எனக்கு 71 வயது. தென்னிந்திய திருச்சபை. முப்பது வருடம் படிப்பித்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், ஆறுதலாக வாசியுங்கோ.

நீங்கள் நடந்ததைக் கேட்டபடியால் முதலில் அதைச் சொல்கிறேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு. யுத்தத்தில் இடம்பெயர்ந்து வலிகாமச் சனம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. மழை. சைக்கிளில் ஒரு பெட்டி, பின்னால் அரிசிப் பை, கையைப் பிடித்தபடி என் அம்மா. அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. பத்தடிக்கு ஒருதரம் நின்றார். நான்காவது தரமோ ஐந்தாவது தரமோ நின்றபோது நான் அவரைப் பார்த்துக் கத்தினேன். "நீங்கள் வராமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம்." அந்தச் சனத்துக்குள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அம்மா கவனித்தார். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் பதினெட்டாம் நாள் காய்ச்சலில் போனார். அதற்கு இடையில் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. தண்ணீர் பிடிப்பதும் விறகு தேடுவதுமாக நாள் போய்விட்டது.

ஏழு வருடம் அந்த ஒரு வாக்கியம் என்னைத் தின்றது. ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போனேன், ஓய்வுநாள் பாடசாலை நடத்தினேன், பிள்ளைகளுக்கு "கவலைப்படாதிருங்கள்" என்று மனனம் பண்ணுவித்தேன். இரவில் அம்மாவின் முகம். எனவே விசுவாசம் இருக்கிற இடத்தில் இது வராது என்று யாரும் சொன்னால், அவர்கள் வேதத்தை முழுக்க வாசிக்கவில்லை என்றே நான் சொல்வேன். 1 இராஜாக்கள் 19ஐ எடுத்துப் பாருங்கோ. எலியா அதற்கு முந்திய அதிகாரத்தில்தான் கர்மேலில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்டவர். அடுத்த அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழ் இருந்து "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்கிறார். விசுவாசம் குறைந்தவரா எலியா? கர்த்தர் அவரைக் கண்டித்தாரா? இல்லை. தூதன் வந்து தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுக்கிறான். சாப்பிட்டார், திரும்பப் படுத்தார். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான், "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்கிறான். ஓரேபில் மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்குப் பிறகு. முதலில் சாப்பாடு, நித்திரை. நீங்கள் இரவில் சாப்பிடுகிறீர்களா பிள்ளை? உங்கள் எழுத்தைப் பார்த்தால் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு மிச்சத்தை வழிக்கிறீர்கள் போல் இருக்கிறது.

சரி, என்னை எது தூக்கியது? 2002இல் எங்கள் போதகர் ஐயாவிடம் அழுதுகொண்டு சொன்னேன். அவர் "உங்கள் மேல் பிழை இல்லை" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன், ஏனென்றால் நான் கத்தியது உண்மை. அவர் 1 யோவான் 3:20ஐ எடுத்து என்னையே வாசிக்கச் சொன்னார். "நம்முடைய இருதயமே நம்மைக் குற்றவாளிகளாகத் தீர்க்குமானால், தேவன் நம்முடைய இருதயத்திலும் பெரியவராயிருந்து சகலத்தையும் அறிந்திருக்கிறார்."

சகலத்தையும். அந்தச் சொல்லில் நின்றுவிட்டேன். என் இருதயத்துக்குத் தெரிந்தது ஒரு வாக்கியம் மட்டும். கர்த்தருக்கு அந்த மழை தெரியும், அரிசிப் பையின் பாரம் தெரியும், அம்மாவின் கையை நான் கத்தும்போதுகூட விடவில்லை என்பது தெரியும். அதை நானே மறந்திருந்தேன்.

எங்கள் ஊரில் வேலி எல்லை வழக்கு எத்தனை வருடம் இழுபடும் என்று உங்களுக்குத் தெரியும். இரவு இரண்டு மணிக்கு உங்கள் தலைக்குள் நடப்பதும் வழக்குத்தான். வெளிப்படுத்தின விசேஷம் 12:10இல் சாத்தானுக்கு ஒரு பெயர் இருக்கிறது, இரவும் பகலும் குற்றஞ்சாட்டுகிறவன். எபிரெயத்தில் சாத்தான் என்ற சொல்லின் பொருளே எதிர்நின்று வழக்காடுபவன் என்பதுதான். ஆவியானவருக்கு யோவான் கொடுக்கும் பெயர் தேற்றரவாளன். அதன் கிரேக்கச் சொல் வழக்கில் பக்கத்தில் நின்று பேசுகிறவரையும் குறிக்கும். நீங்கள் அந்த நேரத்தில் வழக்கை வெல்லத் தேவையில்லை பிள்ளை. "நான் செய்தேனா இல்லையா" என்று விடியும் வரைக்கும் வாதாடாதீர்கள். "ஆண்டவரே, இந்த வழக்கு உம்மிடம் இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லி, எழும்பிப் போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கோ. திரும்ப வந்தால் திரும்பச் சொல்லுங்கோ.

யோசனை நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் மழை இரவுகளில் வரும். வந்துவிட்டுப் போகும்.

நவாலியான் | செப்டெம்பர் 18, மாலை 4.50

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். ரீச்சரின் கதையை வாசித்து வேலை இடத்தில் கண் கலங்கிவிட்டது.

1995 ஜூலை 9. நவாலி புனித பேதுருவானவர் கோயிலில் சனம் அடைக்கலம் புகுந்திருந்தபோது குண்டு விழுந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் போய்விட்டார்கள். நான் ஐந்து நிமிடத்துக்கு முன் தண்ணீர் எடுக்க வெளியே போனவன். எனக்கு வரும் யோசனை வேறு மாதிரி. "ஏன் நீ மட்டும்?"

சகரியா 3இல் பிரதான ஆசாரியன் யோசுவா அழுக்கு வஸ்திரத்தோடு நிற்பான். குற்றம் சாட்ட வலது பக்கத்தில் சாத்தான். கர்த்தர் யோசுவாவை எந்தக் கேள்வியும் கேட்காமல், "இவன் அக்கினியினின்று தப்புவிக்கப்பட்ட கொள்ளி அல்லவா" என்பார். கொள்ளி என்றால் பாதி எரிந்தது. கரி பிடித்திருக்கும். அதை அவர் மறைக்கவில்லை, கரியோடேயே "இது என்னுடையது" என்கிறார். தங்கச்சி, எனக்கு அது ஒன்றே காணும்.

வடமராட்சி விசுவாசி | செப்டெம்பர் 18, இரவு 9.20

எல்லாரும் மூத்தவர்கள், மரியாதையோடு சொல்கிறேன். அந்தக் கூட்டத்தில் அக்காவை எல்லாருக்கும் முன்னால் அப்படிச் சொன்னது பிழை. ஆனால் எண்ணத்தோடு சமாதானமாக இருந்துவிடலாம் என்ற மாதிரி இங்கே போகிறது, அது எனக்குச் சரியாகப் படவில்லை. 2 கொரிந்தியர் 10:5 எந்த எண்ணத்தையும் கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படியச் சிறைப்படுத்தச் சொல்கிறது. நான் ஓ.எல். பரீட்சையில் விழுந்த பிறகு ஒரு வருடம் அறையை விட்டு வெளியே வரவில்லை. மாத்திரை எடுத்தேன், குறையவில்லை. மூன்று நாள் உபவாசம் இருந்து செபித்தேன், நாலாம் நாள் விடுதலை. இது என் சாட்சி. கர்த்தரால் ஆகாதது இல்லை. அக்காவும் முழுமையாக நம்பட்டும்.

வார்ட் சிஸ்டர் | செப்டெம்பர் 19, காலை 7.40

இரவுக் கடமை முடித்து வந்து எழுதுகிறேன். நான் மனநலப் பிரிவில் தாதி. பூசைக்கும் தவறாமல் போகிறவள்.

அரியாலைப் பிள்ளை, முதலில் உங்களிடம் நேராக ஒரு கேள்வி. செத்தால் நல்லது, நான் இல்லாவிட்டால் நல்லது என்ற யோசனை வருகிறதா? கேட்டால் அந்த எண்ணம் விதைக்கப்படும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. கேட்டால் சொல்ல வழி கிடைக்கும். இங்கே சொல்லக் கூச்சம் என்றால் எனக்குத் தனிச்செய்தி போடுங்கோ.

இரண்டாவது. அதிகாலையில் ஒரே நேரத்துக்கு முழிப்பு, பசி இல்லாமை, ஓயாத குற்ற உணர்வு, செபத்தில்கூட மனம் நிற்காமை. இவை இரண்டு கிழமைக்கு மேல் இருந்தால் நாங்கள் மனச்சோர்வு நோயா என்று பார்ப்போம். உங்களுக்கு எத்தனை மாதம்? மனச்சோர்வில் கவனம் நிற்காது. மூன்றாவது மணியில் யோசனை ஓடுவதற்கு அது காணும், பக்தி குறைந்ததால்தான் என்று எடுக்க வேண்டாம்.

அப்பாவின் விஷயம். பாரிசவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசி தொடக்கத்தில் இருந்து கிட்டத்தட்ட நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும். அதுவும் ஸ்கான் எடுத்து, இரத்தக் கசிவு இல்லை என்று தெரிந்த பிறகு, வேறு தடைகளும் இல்லாவிட்டால். அன்றைக்கே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றும் யாரும் சத்தியம் பண்ண முடியாது, இல்லை என்றும் பண்ண முடியாது. இதை எழுதியது உங்கள் மனதை அமர்த்த இல்லை. தீர்ப்புச் சொல்லத் தேவையான விபரம் உங்கள் கையில் இல்லை என்று காட்டத்தான். ரீச்சர் சொன்ன "சகலத்தையும் அறிந்தவர்" என்பது எனக்கு அங்கேதான் பிடிபடுகிறது.

வடமராட்சித் தம்பி, உங்கள் சாட்சியை நான் மறுக்கவே மாட்டேன். ஒன்று மட்டும். இந்த மருந்துகள் வேலை செய்ய இரண்டு தொடக்கம் ஆறு கிழமை எடுக்கும். பலர் பத்தாம் நாள் குறையவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். இன்னொன்று, சாப்பிடாமல் நித்திரையும் இல்லாமல் இருக்கும் ஒருவரை உபவாசம் இருக்கச் சொல்ல வேண்டாம். எலியாவுக்கு அந்த நேரம் அடைதான் கொடுக்கப்பட்டது.

யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. காசு இல்லை. மாத்திரைக்குப் போக மனமில்லாவிட்டால் சாந்திகத்தில் உளவளத்துணை எடுக்கலாம். நடுச்சாமத்தில் தாங்கமுடியாமல் வந்தால் மனநல உதவி இலக்கம் 1926க்கு அழையுங்கோ, 24 மணித்தியாலமும் தமிழில் கதைக்கலாம். இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அரியாலைப் பிள்ளை | செப்டெம்பர் 19, இரவு 8.30

சிஸ்டருக்குத் தனிச்செய்தி போட்டுவிட்டேன். இங்கேயும் சொல்கிறேன், மறைத்து மறைத்து அலுத்துவிட்டது. சில இரவு "நான் இல்லாவிட்டால் பிள்ளைகள் அம்மம்மாவோடு நல்லாய் இருக்கும்" என்று வந்தது. செய்யப்போனதில்லை. வருகிறது.

ரீச்சர், இரவில் நான் சாப்பிடுவதில்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியவில்லை.

வார்ட் சிஸ்டர் | செப்டெம்பர் 19, இரவு 8.52

நாளைக்கே வாருங்கோ. தனியாக வரவேண்டாம். மச்சாளையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு வாருங்கோ, அவர்களிடம் இன்றிரவே சொல்லுங்கோ. கணவருக்கும் சொல்லுங்கோ. இன்றைக்கு அம்மாவோடு ஒரே அறையில் படுங்கோ. விபரம் தனிச்செய்தியில்.

குருநகர்க் கடலோடி | செப்டெம்பர் 20, பிற்பகல் 1.10

எனக்குப் பெரிய படிப்பு இல்லை. தங்கச்சி எழுதியதை மகள் வாசித்துக் காட்டினாள், நான் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

சில மாதங்களில் வலையில் மீனை விடச் சொறிமுட்டைதான் (ஜெலிமீன்) கூட. புதுசாகத் தொழிலுக்கு வரும் பெடியன் கையில் பட்டவுடன் அரக்கித் தேய்ப்பான். தேய்த்தால் இன்னும் ஏறும். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் ஏறும். கடல் தண்ணீரால் அலசிவிட்டு அடுத்த பாட்டை இழுக்க வேண்டியதுதான். கை எரியும். எரிய எரிய இழுக்க வேண்டும். யோசனையும் அப்படித்தான் எனக்கு. 1993இல் யாகப்பர் கோயிலில் குண்டு விழுந்த பிறகு, அங்கே கண்டதை மறக்க வேண்டும் மறக்க வேண்டும் என்று தேய்த்துத் தேய்த்து, குடிக்கப் போய், மனுசியையும் நோகடித்தவன் நான்.

செபமாலையில் மனம் நிற்கவில்லை என்றாய். நிற்காவிட்டால் என்ன? விரல் நிற்கும். போட்டுக்குள் சாமான் பெட்டியில் ஒரு மாலை வைத்திருக்கிறேன், உப்புப் பிடித்து மணியெல்லாம் வெள்ளையாகிவிட்டது. சொல்லை விட்டாலும் மணியை விடமாட்டேன். விரல் நகர்ந்துகொண்டே இருக்கும், மாதாவுக்குத் தெரியும்.

இரண்டு மணிக்கு நீ மட்டும் முழித்திருப்பதாக நினைக்காதே தங்கச்சி. நாங்கள் படகு தள்ளும் நேரம் அது. இனி நான் படகு தள்ளும்போது உனக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்வேன். நீ முழித்தால் நினைத்துக்கொள், அந்த நேரம் கடலில் ஒருவன் உன் பெயர் தெரியாமல் உனக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

கொழும்புத்துறையான் | செப்டெம்பர் 20, இரவு 10.15

குருமடத்தில் மூன்று வருடம் இருந்து வெளியே வந்தவன். அங்கே படித்ததில் இந்த இடத்துக்குப் பொருந்துவதைச் சொல்கிறேன்.

4ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் எவாக்ரியுஸ் என்று ஒரு துறவி. துறவிகளைக் குழப்பும் எண்ணங்களை எட்டாகப் பிரித்தார். பெருந்தீனி, கோபம் எல்லாம் அதில் உண்டு, துக்கமும் சோர்வும் உண்டு. சோர்வு வந்தால் பகல் ஐம்பது மணித்தியாலம் மாதிரித் தெரியும், துறவி திரும்பத் திரும்ப ஜன்னலைப் பார்ப்பான் என்று எழுதியிருக்கிறார். முக்கியமாக அவர் சொன்னது, எண்ணம் வந்து கலக்குவது நம் கையில் இல்லை, அது தங்குவதுதான் நம் கையில். வடமராட்சித் தம்பி சொன்ன வசனத்தையும் நான் இப்படியே பிடிக்கிறேன். சிறைப்படுத்துவது என்றால் பிடித்து ஒருவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவது. வராமல் தடுப்பது வேறு.

இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் எழுதிய விதிகளில் இரண்டை நான் இன்றும் பாவிக்கிறேன். ஒன்று, மனம் இருண்டிருக்கும்போது வெளிச்சத்தில் எடுத்த முடிவை மாற்றாதே. வேலையை விடுவதோ, ஒருவரோடு முறிப்பதோ, செபத்தை நிறுத்துவதோ, எதுவானாலும் விடியட்டும். மற்றது, கெட்ட எண்ணம் இரகசியத்தை விரும்பும். ஒரு பெண்பிள்ளையை ஏமாற்ற நினைப்பவன் "அப்பாவுக்குச் சொல்லாதே" என்பானே, அப்படி. சொல்லிவிட்டால் அதன் பாதிப் பலம் போய்விடும். அக்கா நேற்று இங்கே சொன்ன அந்த ஒரு வரியைத்தான் நினைக்கிறேன்.

பெயர் வேண்டாம் | செப்டெம்பர் 22, இரவு 11.48

இழையின் இடையில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு நடப்பது கொஞ்சம் வேறு. நற்கருணை வாங்கும் நேரம் ஆண்டவரைப் பற்றி அசிங்கமான சொற்கள் மனதில் வரும். எனக்கு அவரில் அன்புதான். அதைத் துரத்த ஒரு வசனத்தை ஏழு தரம் சொல்வேன். ஏழு தரமும் சரியாகச் சொன்னேனா என்று சந்தேகம் வரும், திரும்ப ஏழு. இப்போது பூசைக்குப் போகவே பயம். பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரே கிழமையில் நாலு தரம் போயிருக்கிறேன். வசனத்தால் எண்ணத்துக்குப் பதில் சொல்லுங்கோ என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். எனக்கு அதனால்தான் கூடிவிட்டது.

வார்ட் சிஸ்டர் | செப்டெம்பர் 23, காலை 6.30

சொன்னது நல்லது. இதற்குப் பெயர் இருக்கிறது, எண்ணச் சுழற்சி நோய் (OCD) என்போம். பக்தியுள்ளவர்களுக்கு அது பக்தியின் உருவத்தில் வரும். எதை அதிகம் நேசிக்கிறீர்களோ அதைத்தான் பிடிக்கும். பிள்ளையில் உயிரையே வைத்திருக்கும் தாய்க்குப் பிள்ளைக்கு ஏதும் செய்துவிடுவேனோ என்று வருவதும் இதே நோயில்தான். உங்களுக்கு வழி, பதில் சொல்லாமல் விடுவது. ஏழு தரத்தையும் விடுங்கோ. எண்ணம் வரும், வரட்டும், நீங்கள் நற்கருணையை வாங்குங்கோ. தனியே செய்யக் கஷ்டம், இதற்கென்று சிகிச்சை இருக்கிறது, குணம் கிடைக்கும். ரீச்சருக்கும் கடலோடி அண்ணைக்கும் உதவியது உங்களுக்குச் சரிவராதது உங்கள் பிழை இல்லை.

கொழும்புத்துறையான் | செப்டெம்பர் 23, காலை 8.10

சகோதரமே, இஞ்ஞாசியாருக்கே இது வந்தது. 1522இல் மன்ரேசாவில் இருந்தபோது, சொன்ன பாவத்தைச் சரியாகச் சொன்னேனா என்று மாதக்கணக்காக வதைபட்டார். அறையில் இருந்த ஒரு குழிக்குள் குதித்துச் சாக நினைக்கும் அளவுக்குப் போனார். கடைசியில், கடந்தகாலப் பாவங்களை இனித் திரும்ப அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்தார். அதில்தான் விடுபட்டார். ஒரே பாதரிடம் மட்டும் போங்கோ, அவர் சொல்வதைக் கேட்பதாக முடிவெடுங்கோ.

வடமராட்சி விசுவாசி | செப்டெம்பர் 25, இரவு 9.05

ஒரு கிழமையாக எழுதவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்று பட்டது. என் சிநேகிதன் ஒருவன் எங்கள் சபையில் கிற்றார் வாசித்தவன். போன மாசியில் மாத்திரையை நிறுத்தச் சொல்லி நானும் சேர்ந்து செபித்தேன். அவன் இப்போது சபைக்கும் வருவதில்லை, போனும் எடுப்பதில்லை. சிஸ்டர் பத்தாம் நாள் என்று எழுதியதை வாசித்தபோது அவன் நிறுத்தியது எத்தனையாம் நாள் என்று எண்ணிப் பார்த்தேன். கர்த்தர் சுகமாக்குகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எதனால் சுகமாக்க வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். அவன் வீட்டுக்குப் போனால் என்ன கதைப்பது ரீச்சர்?

உடுவில் ரீச்சர் | செப்டெம்பர் 26, காலை 5.50

ஒன்றும் கதைக்க வேண்டாம் தம்பி. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்ததில் சரியானது அது ஒன்றுதான், வாய் திறந்த பிறகுதான் எல்லாம் பிழைத்தது. கிற்றாரைக் கொண்டுபோங்கோ. மன்னிப்பு மட்டும் கேளுங்கோ.

அரியாலைப் பிள்ளை | நவம்பர் 3, காலை 6.20

ஆறு கிழமைக்குப் பிறகு வருகிறேன். எத்தனை பேர் தேடியிருக்கிறீர்கள், இப்போதுதான் பார்த்தேன்.

கிளினிக்குக்கு மூன்று தரம் போய்விட்டேன். மாத்திரை எடுக்கிறேன். முதல் இரண்டு கிழமையும் வாய் காய்ந்ததுதான் மிச்சம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நித்திரை வந்தது. இப்போது கிழமையில் இரண்டு நாள்தான் முழிப்பு. அம்மா இரவில் எனக்கு முன்னால் இருந்து சாப்பிட வைக்கிறா. கணவர் தைக்கு லீவு கேட்டிருக்கிறார். மச்சாளுக்கும் சொன்னேன், அவள் அழுதுவிட்டாள். அந்தக் கூட்டத்துக்கு நான் இனிப் போவதில்லை, அவள் போகிறாள், நாங்கள் அதைப் பற்றிச் சண்டைபிடிக்கவில்லை.

பாவசங்கீர்த்தனத்துக்கும் ஒருதரம் போனேன். ஒருதரம் மட்டும். இடது கையைக் கண்டதையும் கொப்பியைப் பார்த்ததையும் சொன்னேன். பாதர் கனநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அப்பா கடைசியாக உங்கள் கையிலிருந்து வாங்கியது என்ன என்று கேட்டார். தேத்தண்ணி என்றேன். "சீனி போட்டதா?" என்றார். அப்பாவுக்கு ஒன்றரைக் கரண்டி, எப்போதும். அதைச் சொல்லும்போதுதான் ஒரு வருடத்துக்குப் பிறகு சரியாக அழுதேன்.

நேற்றுக் கல்லறைத் திருநாள். பின்னேரம் எல்லாரும் சேமக்காலைக்குப் போனோம். மழைக்கு முதல் மெழுகுதிரி கொளுத்த வேண்டும் என்று சனம் அவதிப்பட்டது. சின்னவன் தாத்தாவின் சிலுவைக்கு முன்னால் திரி நட்டான், காற்றுக்கு நூர்ந்தது, திரும்பக் கொளுத்தினான். நான் வீட்டில் இருந்தே போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோயிருந்தேன். யாரும் பார்க்காத நேரம் ஒரு கோப்பையில் ஊற்றி ஓரமாக வைத்தேன்.

இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்தது. இடது கையும் வந்தது. "ஆண்டவரே, அது உம்மிடம் இருக்கிறது" என்றேன். தண்ணீர் குடித்தேன். மழை பெய்துகொண்டு இருந்தது, இந்த மழைக்குள் கடலோடி அண்ணை போயிருப்பாரா என்று யோசித்தேன். அவருக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னேன். அதற்குப் பிறகு எப்போது படுத்தேன் என்று தெரியவில்லை, சின்னவன்தான் எழுப்பினான்.

அண்ணை, நேற்று இரவு கடலுக்குப் போனீங்களா?

குருநகர்க் கடலோடி | நவம்பர் 3, காலை 11.30

போகவில்லை தங்கச்சி. காற்று. ஆனால் இரண்டு மணிக்கு முழித்துவிட்டேன், பழக்கம். உன்னுடையதைச் சொல்லிவிட்டுத்தான் படுத்தேன்.